பனிமேல் பன்னிரண்டு பெட்டி

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு ஹோட்டல். மே மாதம், கத்திரி வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நண்பன் பையிலிருந்து ஒரு கிராஃப் ஷீட்டை எடுத்து, காபி டபராவை நகர்த்திவிட்டு மேஜைமேல் விரித்தான். பார்த்தால், பனிமலை!

மலை என்றால் ஒரு கோணல் கோடு. அதன்மேல் பன்னிரண்டு பெட்டிகள். வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசை, எதிரும் புதிருமாக. நடுவே ஒரு பாதை. மூலையில் ஒரு வட்டம், செப்டிக் டேங்க்.

‘என்னடா இது?’

‘காட்டேஜ். பத்துக்குப் பன்னிரண்டு சைஸ். ஃபேக்டரியிலேயே ரெடிமேடா பண்ணி லாரியில ஏத்தி அனுப்பிடறான். பனிச்சறுக்கு ஊர். ஜனவரியில குடும்பத்தோட போனோமே, அங்கதான். லீஸுக்கு இடம் கிடைக்குது. பி.எஃப். பணம் இருக்கு. கொஞ்சம் நகை. நீதான் பி.காம். ஆச்சே, கணக்கு சரியா இருக்கான்னு பாரு.’

கணக்கைப் பிறகு பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது படம்தான். அதை எங்கோ பார்த்திருக்கிறேன். எங்கே? இரண்டு நிமிஷம் கழித்துப் பொறி தட்டியது. வேறு எங்கே, மயிலாப்பூரில்தான்! அந்தக் காலத்து ஸ்டோர் வீடு!

இன்றைய பிள்ளைகளுக்கு ஸ்டோர் என்றால் மளிகைக் கடை. ஐம்பது வயதைத் தாண்டிய மயிலாப்பூர்க்காரரையோ திருவல்லிக்கேணிக்காரரையோ கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். ஒரே வாசல். உள்ளே நீள நடை. இரண்டு பக்கமும் ஒரே அளவில் போர்ஷன்கள். கடைசியில் கிணறு, குழாய், கழிப்பறை, எல்லாம் பொது. நம் ஊர் மாடுலர் ஹவுஸிங் அது. மாடுலர் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரே அளவில் ஓர் அறையைத் தீர்மானித்துக்கொள்வது. பிறகு இட்லித் தட்டு மாதிரி அதையே திரும்பத் திரும்ப அடுக்குவது. அவ்வளவுதான்.

நானும் அப்படி ஓர் அடுக்கில் குடியிருந்தவன்தான். 2002-ல் வேலை தேடி சென்னைக்கு வந்தபோது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். பத்துக்கு எட்டு அறை. மூன்று கட்டில். அறை சின்னது என்று நான் ஒருநாளும் அழுததில்லை. தூங்க மட்டும்தானே அறை? அழுததெல்லாம் காலை ஏழு மணிக்கு. எங்கள் மாடியில் பதினாறு அறை, மூன்று குளியலறை. வரிசையில் துண்டோடு நின்றபோதுதான் ஒரு பாடம் படித்தேன். அறையின் அளவு நம்மைப் படுத்துவதில்லை. அறைக்கு வெளியே என்ன, எங்கே, எத்தனை பேருக்கு என்று முடிவு செய்தவர்தான் நம்மைப் படுத்துகிறார், அல்லது வாழ வைக்கிறார்.

இந்தப் பாடத்தைப் பனிமலையில் வைத்து உலகத்துக்கே சொன்ன ஒரு பெண்மணி உண்டு. பெயர் ஷார்லொட் பெரியாண்ட். பிரெஞ்சுக்காரர். 1903-ல் பாரிஸில் பிறந்தவர். 1927-ல் மாபெரும் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேவிடம் வேலை கேட்டுப் போனார். ‘தலையணை உறையில் பூத்தையல் போடுகிற வேலையெல்லாம் இங்கே இல்லையம்மா’ என்கிற தோரணையில் அவர் திருப்பி அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் ஒரு கண்காட்சியில் இந்தப் பெண் செய்த எஃகு, கண்ணாடிச் சாமான்களைப் பார்த்து அசந்துபோய், அவரே கூப்பிட்டு வேலை கொடுத்தார். பத்து வருஷம் கூடவே இருந்தார் பெரியாண்ட்.

அவருக்கு மலை என்றால் பைத்தியம். ஏறுவார், சறுக்குவார், கூடாரமடித்துத் தங்குவார். பனிப்புயலில் மாட்டிக்கொண்டால் ஒதுங்க ஓர் இடம் வேண்டுமே? 1937-ல் ஓர் என்ஜினீயருடன் சேர்ந்து ஒரு குடிசையை வடிவமைத்தார். அலுமினியத்தில் செய்த குட்டிக் குடிசை. தரைப் பரப்பு எட்டே சதுர மீட்டர். நம் கணக்கில் எண்பத்தாறு சதுர அடி. கிட்டத்தட்ட என் மேன்ஷன் அறை! அதில் ஆறு பேர் படுக்கலாம். மறு வருஷம் பியர் ஜான்னரே என்பவருடன் சேர்ந்து பீப்பாய் வடிவத்தில் இன்னொன்று. ஆட்கள் முதுகில் சுமந்துபோய் மலையுச்சியில் பூட்டிவிடக்கூடிய துண்டுகளாக அதைப் பிரித்து வைத்தார். அந்தப் பீப்பாய் அவர் உயிரோடு இருந்தவரை கட்டப்படவே இல்லை.

இந்த ஜான்னரே யார் தெரியுமா? பின்னால் இந்தியாவுக்கு வந்து, சண்டிகர் நகரத்தை எழுப்பும் வேலையில் 1965 வரை கிடந்தவர். சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக அவர் வடிவமைத்த மர நாற்காலிகளைத்தான் இன்று வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள்.

பெரியாண்டின் குடிசையில் கவனிக்க வேண்டிய விஷயம் அலுமினியம் இல்லை. அதன் கால்கள். குடிசை தரையில் உட்காரவில்லை. குழாய்க் கால்களில் நின்றது. மலையைச் செதுக்கிச் சமதளமாக்காமல், மலை எப்படி இருக்கிறதோ அப்படியே அதன்மேல் காலூன்றி நிற்பது. இந்தக் கால்கள் மறுபடி வரும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருஷம் கழித்து அவருக்கு ஒரு மலையே கிடைத்தது. 1960-களில் பிரெஞ்சு அரசாங்கம், நடுத்தர வர்க்கமும் பனிச்சறுக்குக்குப் போகட்டும் என்று மலைமேல் புதிய ஊர்களை எழுப்பத் திட்டம் போட்டது. அதில் ஒன்று சவோய் பகுதியில் உள்ள லெஸ் ஆர்க். ரோஜே கோதினோ என்பவர் முதலாளி. பெரியாண்ட் 1967 முதல் இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஊருக்காக உழைத்தார். முதல் பகுதி 1968-ல் திறந்தது.

பிரச்னை என்ன? மலைமேல் கட்டட வேலை செய்யக் கோடையில் சில மாதங்கள்தான் கிடைக்கும். பனி விழ ஆரம்பித்தால் கொத்தனார் கீழே இறங்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான பேருக்கு அறை வேண்டும். குளியலறைதான் ஆக அதிக நேரம் பிடிக்கும் வேலை. பிளம்பர், எலெக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வரவேண்டும். பெரியாண்ட் என்ன செய்தார்? குளியலறையை முழுசாகத் தொழிற்சாலையிலேயே, படகு செய்கிற மாதிரி பாலியெஸ்டரில் வார்த்துவிட்டார். தொட்டி, பேசின், சுவர் எல்லாம் ஒரே வார்ப்பு. கிரேனில் தூக்கி இடத்தில் வைத்துக் குழாயை இணைத்தால் வேலை முடிந்தது.

இதைச் சொன்னதும் நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ‘அதைத்தான்டா நானும் சொல்றேன்! ரெடிமேட்!’

பொறு ராஜா. அவர் செய்ததில் அது பாதி. மீதிப் பாதிதான் முக்கியம். பெட்டிகளை எப்படி வைத்தார்?

மலைச்சரிவு எப்படி இறங்குகிறதோ, கட்டடமும் அப்படியே படிப்படியாக இறங்கியது. மேல் மாடிக்காரரின் நிழல் கீழ் மாடிக்காரரின் மொட்டை மாடியில் விழாது. ஆக, எல்லா அறைக்கும் வெயில். எல்லா ஜன்னலுக்கும் மலை. அறை சின்னது, ஆனால் ஜன்னல் பெரிசு. சமையலறைக்குக் கதவு கிடையாது. சமைக்கிறவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கிடக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. கார்களை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டார். அறையில் குறைத்த இடத்தை வெளியே வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார். சின்ன அறைக்கு அவர் செய்த நியாயம் அது.

சரி, இதற்கு நேர்மாறாகவும் ஒரு கதை இருக்கிறது. ஜப்பான். 1972. டோக்கியோவின் கின்ஸா பகுதியில் கிஷோ குரோகவா என்பவர் ஒரு கட்டடம் எழுப்பினார். நாககின் காப்ஸ்யூல் டவர். இரண்டு தூண்கள். அவற்றில் 140 பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து போல்ட் போட்டு மாட்டினார். பெட்டிக்கு ஒரு வட்ட ஜன்னல். வாஷிங் மெஷின்களை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு தடவை பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டிக்கொள்ளலாம் என்பது திட்டம். உலகமே கைதட்டியது. மாணவர்களுக்கு இன்றைக்கும் பாடம்.

எத்தனை பெட்டியை மாற்றினார்கள்? ஒன்றைக்கூட இல்லை!

ஏனென்றால் கீழே இருக்கும் பெட்டியைக் கழற்ற, மேலே இருப்பதையும் கழற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சொந்தக்காரர். அத்தனை பேரும் சம்மதித்துச் செலவைப் பகிர வேண்டும். நம் அபார்ட்மென்ட் அசோசியேஷனில் லிஃப்ட் மாற்றவே மூன்று வருஷம் ஆகிறதே, யோசித்துப் பாருங்கள். குழாய்கள் துருப்பிடித்து, ஒழுகி, கடைசியில் 2022-ல் கட்டடத்தையே பிரித்துவிட்டார்கள். சில பெட்டிகளை மட்டும் மீட்டு மியூசியங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகப் பார்த்தால் அற்புதம்தான். அடுக்கின விதம் காலை வாரிவிட்டது.

ஜப்பானும் பிரான்ஸும் இருக்கட்டும், நம் அனுபவம் என்ன என்று கேட்பீர்கள். பனியில் ரெடிமேட் அறை வைப்பதில் இந்திய அரசாங்கத்துக்கே ஒரு பழைய வடு உண்டு. அண்டார்டிகாவில் நம்முடைய முதல் ஆராய்ச்சி நிலையம் தட்சிண கங்கோத்ரி. 1983-84-ல் போன குழு, முன்கூட்டியே தயாரித்து எடுத்துப்போன பாகங்களை வைத்துச் சில வாரங்களிலேயே பூட்டி முடித்தது. சும்மா சொல்லக்கூடாது, பெரிய சாதனைதான். ஆனால் வைத்த இடம் பனிப்படலத்தின் மேல். வருஷா வருஷம் விழுந்த பனி நிலையத்தை மூடிக்கொண்டே வந்தது. 1990 வாக்கில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. கட்டடத்தில் கோளாறு இல்லை. வைத்த இடத்தில் கோளாறு.

அடுத்த நிலையமான மைத்ரியைப் பாறைமேல் வைத்தார்கள். மூன்றாவது பாரதி, 2012. அதில் 134 கப்பல் கன்டெய்னர்களை ஒன்றுசேர்த்து உள்ளே பொதித்திருக்கிறார்கள். நண்பன் வாங்கப் பார்க்கிற அதே வகைப் பெட்டிதான்! ஆனால் கட்டடம் முழுவதும் தூண்களில் நிற்கிறது. காற்று அடித்துக்கொண்டு வரும் பனி, கட்டடத்தின் அடியில் புகுந்து போய்விடும். மோதித் தேங்காது. பெரியாண்டின் குடிசைக்கு இருந்த கால்கள் வந்துவிட்டன பாருங்கள்.

இப்போது நம் பனிச்சறுக்கு ஊர்களுக்கு வருவோம். காஷ்மீரில் குல்மார்க். 1927-லேயே ஆங்கில ராணுவ அதிகாரிகள் அங்கே ஸ்கீ கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். கொண்டோலா என்கிற ரோப் கார் 1998-ல் முதல் கட்டம், 2005-ல் இரண்டாம் கட்டம் என்று வந்தது. இன்னொன்று உத்தராகண்டில் ஆலி. கீழே ஜோஷிமட் என்கிற ஊர். ஆதிசங்கரர் ஸ்தாபித்ததாகச் சொல்லப்படும் மடம் இருக்கிற ஊர். பத்ரிநாத் போகிற நம் ஊர் யாத்ரீகர்கள் அத்தனை பேருக்கும் பழக்கம். அங்கிருந்து ஆலிக்கு சுமார் நாலு கிலோமீட்டர் ரோப் கார், 1990-களில் வந்தது. ஆலி பிரபலமாக ஆக, ஜோஷிமட்டில் லாட்ஜ் மேல் லாட்ஜாக எழும்பியது. வெயில் காலத்தில் பத்ரிநாத் கூட்டம், குளிர் காலத்தில் பனிக் கூட்டம். இரண்டு சீசன்! வியாபாரி எவனுக்குத்தான் ஆசை வராது?

ஆனால் 1976-லேயே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. அன்றைய கட்வால் கமிஷனர் மிஸ்ரா தலைமையில் அரசாங்கமே போட்ட கமிட்டி சொன்னது இது: இந்த ஊர் கெட்டிப் பாறைமேல் இல்லை. எப்போதோ சரிந்து விழுந்த மண்ணும் கல்லும் சேர்ந்த மேட்டின்மேல் இருக்கிறது. தரை எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்காமல் பெரிய கட்டடம் கட்டாதீர்கள். சரிவில் இருக்கும் பாறைகளைப் பெயர்க்காதீர்கள். வெடி வைக்காதீர்கள். மழைத் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் ஒழுங்காக வடிகால் போடுங்கள்.

அறிக்கை வந்தது. ஃபைலில் தூங்கியது.

2023 ஜனவரி. ஜோஷிமட்டில் வீட்டுச் சுவர்கள் விரிய ஆரம்பித்தன. தெருவில் பிளவு. 2022 டிசம்பர் கடைசியிலிருந்து 12 நாளில் ஊரின் ஒரு பகுதி 5.4 சென்டிமீட்டர் இறங்கியதாகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஹோட்டல்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. இரண்டையும் இடித்தார்கள். ரோப் காரை நிறுத்தினார்கள். ஜனங்கள் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு கொட்டும் குளிரில் வெளியே வந்து நின்றார்கள்.

காரணம் எது என்பதில் சண்டை இருக்கிறது. மின் திட்டத்துக்காக மலையைக் குடைந்த சுரங்கம்தான் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். திட்டத்தை நடத்தும் நிறுவனம் மறுக்கிறது. ஆனால் தளர்ந்த மண், அதன்மேல் ஏற்றிய பாரம், வடிகால் இல்லாமல் மண்ணுக்குள்ளேயே இறங்கிய தண்ணீர், இந்த மூன்றைப் பற்றிப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 1976-ல் சொன்ன அதே மூன்று!

இதில் இன்னொரு விஷயம். வீடிழந்தவர்களுக்கு என்ன கட்டிக் கொடுத்தார்கள் தெரியுமா? ரெடிமேட் வீடுகள். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் மாதிரி வீடுகளை அமைத்துக் காட்டியது. பெட்டி தப்பே செய்யவில்லை. ஆபத்தில் உதவியதே அதுதான்.

‘அது மலை. அவங்க ஊர்க்காரங்க பண்ணின தப்பு’ என்றான் நண்பன்.

நம் யோக்யதை என்ன? தி.நகருக்கு வாருங்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே நின்று லேக் எங்கே என்று தேடிப் பாருங்கள். இருக்காது. நாம் அதன்மேல்தான் நிற்கிறோம்! நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்த பெரிய ஏரி அது. லாங் டேங்க் என்பார்கள். 1920-களில் நகரம் பிதுங்கியபோது ஏரியை வடித்து மனை போட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் தி.நகர். நடுவே பனகல் பார்க், அதிலிருந்து பிரியும் சாலைகள் என்று பேப்பரில் அருமையான பிளான். சாலைகளுக்கும் பார்க்குக்கும் ஜஸ்டிஸ் கட்சிப் பெரியவர்களின் பெயர்கள். மனிதர்களுக்கு எல்லா வசதியும் யோசித்தவர்கள், மழைத் தண்ணீர் எங்கே போகும் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்தது. அடையாறு பொங்கி, கோட்டூர்புரத்தில் மாடிக்குப் படகு விட்டார்கள். ஜோஷிமட்டைப் பார்த்துச் சிரிக்க நமக்கு ஏது வாய்?

அதே அடையாறு பக்கத்திலிருந்து ஒரு நல்ல கதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் வளர்ந்த மாடுலஸ் ஹவுஸிங் என்கிற சின்ன கம்பெனி, 2020-ல் கொரோனா வந்தபோது மடித்து எடுத்துப் போகக்கூடிய ஒரு குட்டி ஆஸ்பத்திரியைச் செய்தது. மெடிகேப் என்று பெயர். மடித்தால் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். லாரியில் காற்றை ஏற்றிக்கொண்டு போகிற செலவு மிச்சம். போய்ச் சேர்ந்த இடத்தில் நாலு பேர் சில மணி நேரத்தில் விரித்து நிறுத்திவிடலாம். கேரளத்தில் வயநாடு மாவட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

மடிப்பதை விட எனக்குப் பிடித்தது அதன் பாகப்பிரிவினை. டாக்டர் அறை, தனிமைப்படுத்தும் அறை, வார்டு, இரண்டு படுக்கை ஐ.சி.யு. என்று நாலு பகுதி. நோய்க் காற்று வெளியே கசியாதபடி ஐ.சி.யு.வில் காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். யார் எந்த வழியாக நடப்பார், காற்று எங்கிருந்து எங்கே போகும் என்று யோசித்த பிறகு பெட்டியைச் செய்திருக்கிறார்கள். பெட்டியைச் செய்துவிட்டு யோசிக்கவில்லை.

ரைட். நண்பனின் கிராஃப் ஷீட்டுக்கு வருவோம். பென்சிலை வாங்கிக்கொண்டேன்.

முதலில் இரண்டு வரிசை. எதிரெதிராக மூன்றடி, ஆறடி இடைவெளியில் வைத்தால் நடுப்பாதை காற்றுக்கு ஒரு சந்து. காற்று அள்ளிக்கொண்டு வரும் பனியை அங்கேதான் கொட்டும். கூரையிலிருந்து வழுக்குகிற பனியும் அங்கேதான் விழும். காலையில் கதவைத் திறந்தால் பனிச்சுவர்! வாசல் கூரையின் முக்கோணப் பக்கம் இருக்க வேண்டும், சரிவுப் பக்கம் கூடாது. வரிசையைக் கலைத்து, ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்து வெயில். நம் பாதி உலகத்தில் குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகப் போகும். அதனால் பனி உருகாமல் கிடக்கும் நல்ல சறுக்கு மேடுகள் பெரும்பாலும் வடக்குச் சரிவில் இருக்கும். சறுக்குக்கு வடக்கு. தங்குகிற மனுஷனுக்குத் தெற்கு. நண்பன் போட்ட படத்தில் ஆறு அறைகளின் ஜன்னல், எதிர் அறையின் கதவைப் பார்த்தது. மேன்ஷன் மாதிரியே!

மூன்றாவது தண்ணீர். பன்னிரண்டு அறைக்குப் பன்னிரண்டு இடத்தில் குழாய் போனால் பன்னிரண்டு இடத்தில் உறைந்து வெடிக்கும். குளியலறைகளை முதுகோடு முதுகு சேர்த்து ஒரே பாதையில் குழாயைக் கொண்டுபோனால், சூடாக வைத்துக்கொள்வதும் சுலபம், ரிப்பேரும் சுலபம். ஈர பூட்ஸும் கோட்டும் காயப் போட ஒரு பொது அறை வேண்டும். இல்லாவிட்டால் பத்துக்குப் பன்னிரண்டில் மனுஷன் எங்கே படுப்பான்?

நாலாவது நெருப்பு. குளிர் என்றால் ஹீட்டர், கேஸ், விறகு. 2025 ஜனவரியில் துருக்கியில் கார்டால்கயா என்கிற பனிச்சறுக்கு ஊரில் ஒரு ஹோட்டல் ராத்திரியில் தீப்பிடித்து 78 பேர் செத்துப்போனார்கள். பள்ளி விடுமுறைக்கு வந்த குடும்பங்கள். ஜன்னல் வழியாகப் படுக்கை விரிப்பைக் கட்டி இறங்கப் பார்த்திருக்கிறார்கள். அறைகளுக்கு நடுவே போதிய இடைவெளி, வெளியேற இரண்டாவது வழி, இரண்டும் இல்லாமல் ஒரு பெட்டியும் வைக்கக் கூடாது.

கடைசியாக அந்த மூலை வட்டம். செப்டிக் டேங்க். அதன் தண்ணீரும் உருகுகிற பனியும் யார் நிலத்துக்குள் போகும்? சரிவின் கீழே யார் வீடு?

நண்பன் பேசவில்லை. பென்சில் போட்ட கோடுகளை எண்ணினான். பன்னிரண்டு பெட்டி ஏழாகியிருந்தது.

‘ஏழு வெச்சா கணக்கு உதைக்குமே?’

பன்னிரண்டு வைத்தாலும் உதைக்கத்தான் செய்தது. அவன் போட்டது ராத்திரிக்கு 5,000 ரூபாய், பன்னிரண்டு அறை, வருஷத்துக்கு 200 நாள். ஒரு கோடியே இருபது லட்சம்! பனி நிச்சயமாக இருப்பது 90 நாள் என்று வைத்துக்கொள். அதிலும் பாதி அறைதான் நிரம்பும் என்று வை. 27 லட்சம். அதில் சம்பளம், டீசல், லீஸ், வட்டி. காலிக் கட்டில்கள் சும்மா கிடந்தாலும் வட்டி சும்மா இருக்காது. பிரான்ஸில் வருஷத்தில் பெரும்பாலான நாள் காலியாகக் கிடக்கும் பனி ஊர் அறைகளுக்குக் ‘குளிர்ந்த கட்டில்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே கொடிகட்டிப் பறந்த சில சின்ன ஊர்களில் பனியே சரியாக விழாமல் லிஃப்டுகளை நிறுத்திவிட்டார்கள்.

‘அப்ப வேண்டாங்கறியா?’

வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் சொன்னேன். ‘ஜனவரியில பார்த்த இடத்தை ஜூலையில ஒருதடவை போய்ப் பாரு. பனி எல்லாத்தையும் அழகா மூடியிருக்கும். மழையிலதான் மலை உண்மையைப் பேசும். தண்ணி எங்க ஓடுதுன்னு பாரு. மரமே இல்லாத பட்டை ஏதாவது மேலேருந்து கீழ வரைக்கும் போகுதான்னு பாரு, அது பனிச்சரிவோட பாதையா இருக்கும். அந்த ஊர்ல வயசான ஒருத்தர்கிட்ட, இந்த இடத்துல அந்தக் காலத்துல ஏன் யாரும் வீடு கட்டலைன்னு கேளு. மண்ணு பாரம் தாங்குமான்னு எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ஜியாலஜிஸ்ட் கிடைக்கறாரா பாரு. அப்புறம் அட்வான்ஸ் குடு.’

காபி ஆறிப்போயிருந்தது. கிராஃப் ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். கோபமா வருத்தமா தெரியவில்லை. மாட வீதியில் என்னோடு பேசாமலேயே நடந்து வந்தான்.

நேற்று ராத்திரி போன். ஜூலை இரண்டாம் வாரம் டிக்கெட் போட்டிருக்கிறானாம். டேராடூன் வரை ரயில். தனியாகத்தான் போகிறானாம். நகை இன்னும் லாக்கரில்தான் இருக்கிறது என்று அவன் மனைவி பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னது எனக்கும் கேட்டது.